டவுன்லோட் ஆனால் பாட்டு உங்களுடையதா?

கேள்வி: ஆன்லைனில் 499 ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ் வாங்கி ஆறாயிரம் பாட்டு ஏற்றினேன். பெயர்கள் எல்லாம் தெரிகின்றன, பாதிக்கு மேல் பாடவில்லை. ஏற்றும்போது நான் ஏதும் தவறு செய்துவிட்டேனா?
(வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது 32 ஜிபி போல ஏதோ ஒரு சின்ன சிப். 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் கன்ட்ரோலரை (சிப்பை இயக்கும் பகுதியை) மாற்றி வைத்திருப்பார்கள், கணினியும் நம்பிவிடும். உண்மையான இடம் தீர்ந்ததும் புதுப் பாட்டு பழையதன் மேல் விழும், அல்லது எங்குமே பதியாது. பெயர்ப் பட்டியல் மட்டும் தங்கிவிடுவதால் எல்லாம் ஏறியதுபோலத் தெரியும்.

டிரைவைக் காலி செய்து, எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். 2 டிபி முழுவதையும் சோதித்தால் நாள்கணக்கில் ஆகும். 1,00,000 எம்பி என்று மட்டும் கொடுங்கள், குட்டு சில மணி நேரத்தில் உடைந்துவிடும். அந்தத் திரையின் படம், பில், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் சேர்த்துத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகார் வந்து சேர்ந்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது 2020 மின்வணிக விதி. அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கும் மேலே கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 2 ஆண்டு தாண்டவிடாதீர்கள்.

கேள்வி: சண்டே மார்க்கெட்டில் வாங்கிய எம்பி3 சிடி ஓடவில்லை. பில் இல்லை. மாற்றிக் கேட்கலாமா?
(லாஸ்பேட்டை)

பதில்: பில் இல்லாமல் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? அந்த உறையைத் திருப்பிப் பாருங்கள். பதிவு செய்தவர் பெயர், முகவரி, உரிமையாளர் பெயர், முகவரி, முதலில் வெளியான ஆண்டு, இவ்வளவும் இருக்க வேண்டும் என்கிறது பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52ஏ. இல்லாததைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

கேள்வி: மாதச் சந்தா கட்டி ஆப்பில் 800 பாட்டு டவுன்லோட் செய்திருந்தேன். சந்தாவை நிறுத்தியதும் ஒன்றுகூடப் பாடவில்லை. அந்தக் காலத்தில் வாங்கிய கேசட் இன்னும் அலமாரியில் இருக்கிறதே!
(வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: பல வருடமாக என்னை உறுத்தும் விஷயம் இது. அந்தப் பொத்தானில் டவுன்லோட் என்று எழுதுவதே தப்பு. உங்கள் போனில் இறங்கியது பூட்டிய கோப்பு, சாவி நிறுவனத்திடம். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணையாவிட்டால் இறக்கியது போய்விடும். நீங்கள் கட்டியது வாடகை. அதை வாடகை என்றே எழுதினால் என்ன?

ரசிகருக்கு வேண்டியது என்றைக்குமே பிடித்த நாலு பாட்டுதான். கம்பெனிகள் விற்றது முழு ஆல்பம். அதனால்தான் நம் ஊர் ரெக்கார்டிங் கடைகளில் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்து, 60, 90 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கினார்கள். 1999-ல், பாட்டுக் கோப்புகளை இணையத்தில் ஒருவருக்கொருவர் பகிர உதவிய நாப்ஸ்டர் வந்ததும் உலகமே பிடித்த பாட்டைக் காசில்லாமல் எடுக்கத் தொடங்கியது. வழக்கு போட்டு 2001-ல் அதை நிறுத்தினார்கள், டவுன்லோட் நிற்கவில்லை, சிடி விற்பனையும் சரிந்தது. அதில் டவுன்லோடின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்கே ஒத்த கருத்து இல்லை. 2007-ல் வந்த ஓர் ஆய்வு, பாதிப்பு ஏறக்குறைய இல்லை என்றது. பெரிய நட்டம் என்றவர்களும் உண்டு. ஆனால் 2003-ல் அமெரிக்காவில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்றபோது ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். கேட்டதை நியாயமான விலைக்குக் கொடுத்தால் ரசிகர் வாங்குவார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இப்போது தொழில் மீண்டுவிட்டது: 2024-ல் உலக இசைப்பதிவு வருமானம் 29.6 பில்லியன் டாலர், அதில் 69 சதவீதம் ஸ்ட்ரீமிங். கட்டியவர் அலமாரிதான் காலி.

பூட்டுப் போட்ட கோப்பாகப் பாட்டு வாங்கி, கணினி மாற்றியதும் ஒன்றும் திறக்காமல் நானும் பணத்தைத் தொலைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு மறக்கும் பாட்டுக்கு வாடகை போதும். வைத்துக்கொள்ள வேண்டியதை சிடியாகவோ, பூட்டில்லாத எம்பி3, ஃபிளாக் (தரம் குறையாத ஒலிக் கோப்பு) கோப்பாகவோ வாங்கி இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஃபிளிப்கார்ட் 2012-ல் தொடங்கிய ஃபிளைட் என்ற பாட்டுக் கடை மறு ஆண்டே மூடப்பட்டது. பூட்டில்லாமல் விற்றதால், பத்திரப்படுத்தியவர்களிடம் அந்தப் பாட்டுகள் இன்றும் பாடும்.

கேள்வி: இலவசத் தளத்தில் 320 கேபிபிஎஸ் என்று போட்டிருந்ததை இறக்கினேன். காரில் தகரச் சத்தம் வருகிறது. ஸ்பீக்கரை மாற்றவா?
(வில்லியனூர்)

பதில்: ஸ்பீக்கருக்குச் செலவு செய்யாதீர்கள். கேபிபிஎஸ் என்பது ஒரு நொடிப் பாட்டுக்குச் செலவாகும் தரவின் அளவு. 128-ல் இருந்ததை 320 ஆக மாற்றி ஏற்றியிருப்பார்கள். ஒருமுறை போன ஒலி திரும்பாது, கோப்புதான் ஊதும். அளவை நம்பாதீர்கள்: 5 நிமிடப் பாட்டு 128-ல் சுமார் 5 எம்பி, 320-ல் 12 எம்பி, போலியும் 12 தான் காட்டும். ஸ்பெக் (Spek) என்ற மென்பொருளில் திறந்து பாருங்கள். அது காட்டும் ஒலி அதிர்வெண் படம் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தரித்ததுபோல நின்றால் அது பழைய 128. நல்ல 320 ஏறக்குறைய 20 வரை ஏறும்.

இன்னொன்று. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி உரிமையை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி 2012-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தத் தளத்திலிருந்து அவர்களுக்கு ஒரு பைசா போவதில்லை.

கேள்வி: பாட்டு ஆப்பை அழித்துவிட்டேன். ஏழு மாதமாகப் பணம் போய்க்கொண்டே இருக்கிறது.
(நெல்லிக்குப்பம்)

பதில்: ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. ஏழு மாதமாகக் கணக்கையே பார்க்கவில்லையா? பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் மேண்டேட்டை (பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியை) இன்றே ரத்து செய்யுங்கள். ப்ளே ஸ்டோர் வழியாக எடுத்திருந்தால் அங்கே சந்தாக்கள் பக்கத்திலும் நிறுத்துங்கள். அறிவிப்பு ஒன்றுகூட வரவில்லை என்றால் மட்டும் வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

கேள்வி: பழைய 78 இசைத்தட்டு நான்கு வாங்கினேன். புது பிளேயரில் வேகத்தை 78-க்கு மாற்றியும் கொரகொரவென்கிறது.
(கடலூர் முதுநகர்)

பதில்: உடனே நிறுத்துங்கள். 78 தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கு 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி வேண்டும். எல்பி தட்டுக்கான 0.7 மில் ஊசி பள்ளத்தின் அடியில் இறங்கி அழுக்கை உரசும். ஊசி பொருத்தியிருக்கும் கார்ட்ரிட்ஜின் மாடல் எண்ணைச் சொல்லி 78-க்கான ஊசி கேளுங்கள். தட்டை ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைக்காதீர்கள், அது ஷெல்லாக் என்ற அரக்கு, கரைந்துவிடும்.