தப்பா சொன்ன தேதியும் சரித்திரம்தான்

கேள்வி: ஹிஸ்டரி பி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறேன். தொழிலாளர்களோட வாழ்க்கைய ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை. இதுக்கெல்லாம் வேலை கிடைக்குமான்னு வீட்ல கேக்குறாங்க. என் சந்தேகம் வேற, அவங்கள்ல நிறைய பேர் எதையும் எழுதி வைக்கலையே, எதை வச்சு சரித்திரம் எழுதுறது?

பதில்: வீட்ல கேக்குறது நியாயம்தான், மழுப்ப மாட்டேன். பிஎச்.டி. முடிக்கவே பல வருஷம் போயிடும், அதுக்கப்புறமும் நிரந்தர வேலை சட்டுனு அமையாது, அதனால ஆவணக் காப்பகம், மியூசியம்னு பக்கத்து வழியும் பார்த்து வச்சுக்கோங்க. இங்கிலாந்து தொழிலாளி வர்க்கம் உருவான கதைய எழுதின இ.பி. தாம்சன், 1948ல இருந்து 17 வருஷம் லீட்ஸ் யுனிவர்சிட்டிக்காக வயசுவந்தவங்களுக்கு வகுப்பு எடுத்தவர், அந்தப் பெரிய புத்தகம் 1963ல வந்தப்பவும் அதே வேலைலதான் இருந்தார். அமெரிக்காவுல டேவிட் மான்ட்கோமரி 1950கள்ல மெஷினிஸ்டா வேலை பாத்துட்டு அப்புறம்தான் தொழிலாளர் சரித்திரம் எழுத வந்தார், பட்டறை வேலையோட நுணுக்கத்த அவர் எழுதுறப்போ அந்த அனுபவம் தெரியும்.

இப்ப உங்க சந்தேகம். அவங்க எழுதலேன்னாலும் அவங்களப் பத்தி முதலாளியும் போலீசும் கோர்ட்டும் எழுதிக்கிட்டேதான் இருந்தாங்க. ஒரு ஃபேக்டரியோட அபராத ரெஜிஸ்டர் கிடைச்சா விடாதீங்க, லேட்டா வந்தான், வேலை நேரத்துல பேசினான்னு வரிசையா இருக்கும், எழுதினவருக்கு அது குத்தம், நமக்கு அதுல ஒரு மனுஷனோட நாளே தெரியும்.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது நேர்ல போய் கேக்குறதுதான். இத்தாலில டெர்னிங்கிற ஸ்டீல் ஊர்ல லூயிஜி த்ராஸ்டுல்லின்னு 21 வயசுத் தொழிலாளி, 1949ல நேட்டோவுக்கு எதிரான ஊர்வலத்துல போலீஸ் கையால செத்தார். பல வருஷம் கழிச்சு, ஜனங்க வாய்மொழியா சொல்றதச் சேகரிச்சு சரித்திரம் எழுதுற அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லி போய் கேட்டா, நிறைய பேர் அது 1953ல, ஃபேக்டரில ஆள்குறைப்பு நடந்தப்போ ஏற்பட்ட சாவுன்னு சொன்னாங்க. அவர் அதைத் தப்புன்னு தள்ளிவிடல, ஏன் இப்படி ஞாபகம் வச்சிருக்காங்கன்னு தோண்டினார், வேலை போன வலியும் அந்தச் சாவும் அவங்க மனசுல ஒண்ணாச் சேர்ந்துடுச்சுன்னு புரிஞ்சது, எந்த ஃபைல்லயும் இது கிடைச்சிருக்காது.

அதனால நீங்க இப்பவே ஆரம்பிக்கலாம். ரிட்டயர் ஆன ஒரு தொழிலாளிகிட்ட போய், ரெக்கார்ட் பண்ணலாமா, பேர் போடலாமான்னு முதல்ல கேட்டுக்கோங்க, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்ன பண்ணச் சொன்னாங்கன்னு கேளுங்க, அவங்க தேதிய மாத்திச் சொன்னா குறுக்க பேசித் திருத்தாதீங்க.