காலைத் தொடுபவர்களும் வராதவர்களும்

கேள்வி: “அடியாத மாடு படியாது. முப்பத்து நான்கு வருடம் பிரம்போடுதான் பாடம் நடத்தினேன். அன்று அடி வாங்கியவர்கள் இன்று என்னைக் கண்டால் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். இப்போதோ முதுகில் ஒன்று போட்டாலே வழக்கு. கண்டிப்பதையும் குழந்தைக் கொடுமையையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா?”
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: மாட்டிலிருந்தே ஆரம்பிப்போம். கறவை மாடு வைத்திருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். அடித்துவிட்டுக் கறக்க உட்கார்ந்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும், சமயத்தில் உதைக்கவும் செய்யும். பிள்ளைகள் உதைப்பதில்லை. அடக்கிக்கொள்வதோடு சரி.

அந்த அடக்கிக்கொள்வதுதான் என் கவலை. “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று எத்தனை பெற்றோர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள்! அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையும் அதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தது? அப்புறம் ஒரு நாள் “சார் அடிச்சுட்டாரு” என்று வீட்டில் போய்ச் சொன்னால் முதல் கேள்வி, “நீ என்ன பண்ணினே?” கூடவே இரண்டு அடி. அதோடு அது வீட்டில் சொல்வதை நிறுத்திக்கொள்ளும். நாளைக்கே வேனிலோ டியூஷனிலோ சொந்தக்காரர் வீட்டிலோ ஒருவன் வேறு மாதிரி கை வைத்தாலும், அதன் ஞாபகத்துக்கு வருவது அந்தக் கேள்விதான்: “நீ என்ன பண்ணினே?”

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பேசி 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் நூற்றுக்கு 65 பேர் அங்கே அடி வாங்கியதாகச் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருந்தார்கள். அதைச் செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பியவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தும் புகார் கொடுக்காதவருக்கே தண்டனை உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் முதலில் பிள்ளை சொன்னால்தானே யாருக்கும் தெரியும்?

சரி, ஒரே தட்டா என்று கேட்டீர்கள். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ‘கோதண்டம்’ என்று ஒன்று இருந்தது. மேலேயிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பையன் அந்தரத்தில் ஊசலாட வேண்டும். அதற்கும் கண்டிப்பு என்றுதான் பெயர். இன்று நீங்களே அதைக் கொடுமை என்பீர்கள். கோடு நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2003இலேயே கல்வி விதிகளைத் திருத்திப் பிரம்பை விலக்கினார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, அடிப்பதோடு மனதை நோகடிப்பதையும் சேர்த்துத் தடுத்தது. வீட்டுக்குள் மட்டும் நம் சட்டம் இன்னும் தெளிவாக நுழையவில்லை. ஸ்வீடன் 1979இலேயே நுழைந்துவிட்டது. அது பணக்கார நாடு என்பீர்கள். 2018இல் நேபாளமும் வீட்டில் அடிப்பதைத் தடை செய்தது.

ஆசிரியரின் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள், தேர்ச்சி விகிதம் கேட்டுத் துளைக்கும் மேலிடம், எதற்கும் ஒத்துழைக்காத வீடு. பிரம்பைப் பிடுங்கிய அரசு, கைக்கு வேறு எதையும் கொடுக்கவில்லை என்ற கோபம் நியாயமானது. கூடுதல் ஆசிரியர் கேளுங்கள், பள்ளிக்கு ஒரு மனநல ஆலோசகர் கேளுங்கள், நானும் கூடவே கேட்கிறேன். பிரம்பைத் திருப்பிக் கேட்காதீர்கள். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: என் மகனை நானும் அடித்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், அலுவலகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த நாள்களில்தான் அவனுடைய தப்புகள் என் கண்ணில் அதிகம் பட்டிருக்கின்றன. திட்டிய மேலதிகாரி மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை.

கடைசியாக, காலைத் தொடுகிறவர்கள். அவர்களுடைய மரியாதையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் உங்கள் முன்னால் வந்து நிற்பவர்கள் அடியையும் தாண்டிப் படித்து முடித்தவர்கள். வாய்ப்பாடு வராமல் தினம் அடி வாங்கி, ஆறாம் வகுப்போடு பையைத் தூக்கிப் போட்டவனும் அதே ஊரில்தான் இருப்பான். நீங்கள் வருவதைப் பார்த்தால் அவன் தெருவின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவான்.