தனியார் ஜெட்டின் கெடு: கேள்வி பதில்

வளைகுடாவில் பிசினஸ் ஜெட்களின் பராமரிப்பில் இருந்துவிட்டு இப்போது கல்லடியில் இருக்கிறேன். விமானப் பாகங்களின் ஆயுள் எல்லை, அதாவது கெடு, பற்றிய உங்கள் கேள்விகளில் சில:

சேர், நன்றாக இயங்கும் பாகத்தை ஏன் கழற்றி எறிகிறார்கள்? (கல்முனை)

தம்பி, எஞ்சினுக்குள் அலகுகளைத் தாங்கிச் சுழலும் உலோகத் தட்டான டிஸ்க்கை எடுங்கள். ஒவ்வொரு பறப்பிலும் அது சூடேறி, இழுபட்டு, ஆறுகிறது. அதை ஒரு சைக்கிள் என்கிறோம். இத்தனை சைக்கிளோடு சரி என்று உற்பத்தியாளர் கணக்கிட, விமானத்துறை அதிகாரசபை அங்கீகரிக்கிறது. விரிசல் தொடங்குமுன் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். பார்வைக்குப் புதிதுபோல இருக்கும், முதலாளிக்கு வயிறு எரியும்!

அதற்காக எல்லை மட்டும் போதாது. 1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த டிசி-10 பயணிகள் விமானத்தின் விசிறி டிஸ்க் கெடுவுக்குள்தான் இருந்தது. டைட்டேனியத்தில் ஆரம்பத்திலேயே இருந்த குறையிலிருந்து விரிசல் வளர்ந்தது, பரிசோதனையில் அது பிடிபடவில்லை. 112 பேர் இறந்தார்கள்.

நானா, பறக்காமல் நிறுத்தி வைத்தால் கெடு ஓடாதுதானே? (அக்கரைப்பற்று)

ஓடும். பறந்த மணி, சைக்கிள், நாட்காட்டி என்று மூன்று கணக்கு. நிறுத்தி வைத்தாலும் நாட்காட்டி நிற்காது. ஒன்றுக்கு மேல் போட்டிருந்தால், எது முந்துகிறதோ அது. ஒட்சிசன் உருளைகளில் 3எச்டி என்ற இலேசான வகைக்கு 24 வருடம் அல்லது 4,380 தடவை நிரப்புதல். அப்புறம் எங்கள் மட்டக்களப்பு விமான நிலையம் போல வாவிக்கரையில் நிறுத்தினால் உப்புக்காற்று வேறு. துருவுக்கு லீவு கிடையாது.

பத்து நாள் பிந்தினால் என்ன சேர்? பைக் சேர்வீஸ் பிந்துவதில்லையா? (ஏறாவூர்)

எந்த அத்தியாயத்தில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஜெட்களின் பராமரிப்பு நூலில் 5ஆம் அத்தியாயம் வழமையான சேர்வீஸ் அட்டவணை. அதில் கொஞ்சம் சலுகை இருக்கலாம். 4ஆம் அத்தியாயம் கட்டாய எல்லைகள். அங்கே எழுதியிருந்தாலொழிய ஒரு நாள்கூடச் சலுகை இல்லை. மீறிப் பறந்தால் அந்த விமானம் பறக்கத் தகுதியற்றது. முதலாளிக்குக் கொழும்பில் அவசரக் கூட்டம் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

யார் கண்காணிப்பது?

பதிவு செய்த நாடு. வாலில் 4ஆர் என்றிருந்தால் இலங்கை சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை.

பழைய டிஸ்க் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா அண்ணா? (காரைதீவு)

பிறந்த நாள் முதல் ஓடிய சைக்கிள்களுக்குப் பதிவேடு இருந்தால் மட்டும். நடுவில் ஓரிடம் விட்டுப்போயிருந்தாலும் அது பழைய இரும்புக் கடைக்குத்தான், தம்பி.