கருத்தரிக்கும் முன் தைராய்டு மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு வருடமாகத் தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இன்னும் மூன்று மாதம் கழித்துக் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்றிருக்கிறோம். "மாத்திரை சூடு, கரு தங்காது, நிறுத்திவிடு" என்கிறார் மாமியார். நிறுத்தலாமா? இப்போதே வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: நிறுத்தாதீர்கள். மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் உண்மை நேர்மாறானது. உங்கள் கழுத்தில் உள்ள சுரப்பி எந்த ஹார்மோனைக் குறைவாகச் சுரக்கிறதோ, அதையேதான் இந்த மாத்திரை தருகிறது. முதல் மூன்று மாதம் வயிற்றுப் பிள்ளைக்குச் சொந்தமாக அது சுரக்காது. மூளை வளர்ச்சிக்கு உங்கள் ரத்தத்தில் இருப்பதை நம்பித்தான் இருக்கும். மாத்திரையை விட்டால்தான் கரு கலையும் வாய்ப்பு கூடும்.

தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனையை இப்போதே செய்துகொள்ளுங்கள். 2.5-க்குக் கீழே இருந்தால் நல்லது. கூடுதலாக இருந்தால் டாக்டர் மாத்திரை அளவை மாற்றுவார். நாள் தள்ளிப்போய்ப் பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் பலருக்கும் கால் பங்கு அளவாவது கூட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின். இதை இன்றைக்கே தொடங்கலாம். நாள் தள்ளிப்போய், வீட்டில் சொல்லி, நல்ல நாள் பார்த்து என்னிடம் வரும்போது பலருக்கு ஏழெட்டு வாரம் ஆகியிருக்கும். ஆனால் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிட வேண்டும். அது சரியாக மூடாமல் போனபின் மாத்திரை சாப்பிட்டுப் பயனில்லை. உங்களுக்குத் தினமும் 400 மைக்ரோகிராம் போதும். மருந்துக்கடையில் சும்மா கேட்டால் 5 மில்லிகிராம் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது சர்க்கரை நோய், வலிப்பு மருந்து, முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை போன்ற காரணம் உள்ளவர்களுக்கு. கீரையிலும் இந்தச் சத்து உண்டு, சாப்பிடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். வேகவைக்கும்போது பாதி போய்விடுகிறது.

ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி போட்ட நினைவில்லை என்றால், எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. கர்ப்பமானபின் அந்த ஊசியைப் போடவும் முடியாது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அதையும் தைராய்டு மாத்திரையையும் சேர்த்து விழுங்காதீர்கள், நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காப்பி அரைமணி கழித்து.

கேள்வியில் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். சிகரெட், மது இருந்தால் அவரும் இன்றே நிறுத்தினால்தான் உங்கள் கணக்குக்குச் சரியாக வரும். முயற்சி தொடங்கி ஒரு வருடமாகியும் கரு நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். வீட்டில் உங்களை மட்டும் அனுப்பினாலும், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.