முதலில் கையைப் படிக்கட்டும், மூளைக்கு அப்புறம் போகலாம்

பாப்பா பிளஸ் டூ, பயாலஜி மேத்ஸ் குரூப். உங்கள் மாமனாருக்கு ஸ்ட்ரோக் வந்து ஏழு மாதம் ஆகிறது, வலது கை இன்னும் சரியாக வரவில்லை. தலையில் காந்தச் சுருளை வைத்துக் கையை அசைய வைக்கும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு "நான் இதைத்தான் படிப்பேன்" என்று அவள் பிடிவாதமாக நிற்கிறாள். இதெல்லாம் ஒரு படிப்பா, வேலை கிடைக்குமா, மனசு உடைந்துவிடுவாளோ என்று எழுதியிருந்தீர்கள். மூன்றுக்கும் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். 'மூளைத் தூண்டல்' என்ற பெயரில் இளநிலைப் பட்டப்படிப்பு எதையும் தேடி அலைய வேண்டாம். ஆனால் துறை இருக்கிறது, ஆட்களும் வேண்டியிருக்கிறது, சரியான வாசல் வழியாகப் போனால் வேலையும் உண்டு. மனசு உடையாமல் இருக்க வேண்டுமென்றால் அந்த வீடியோ சொல்லாமல் விட்டதை அவள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அவள் பார்த்தது பொய்யில்லை. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் முதலில் செய்து காட்டியது அதுதான். தலைக்கு மேலே சுருளைப் பிடித்து ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு நேரத்துக்குப் பெரிய மின்சாரத்தைப் பாய்ச்சினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், கை தானாக ஒரு முறை துள்ளும். தலையைத் திறப்பதில்லை, ஊசியும் இல்லை. காந்தத்தால் மூளையைத் தூண்டும் இந்த முறையை டிஎம்எஸ் (TMS) என்பார்கள். இன்னொன்று டிடிசிஎஸ் (tDCS), லேசான மின்சாரத்தால் தூண்டுவது: உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சு மின்முனைகளைத் தலையில் கட்டி, ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் மின்சாரத்தை இருபது நிமிடம் போல விடுவது. இது மூளைச் செல்லைத் துள்ள வைக்காது, துள்ளுவதற்குக் கொஞ்சம் தயாராக்கும், அவ்வளவுதான்.

ஸ்ட்ரோக் வந்த கைக்கு இதை ஏன் முயன்றார்கள் என்றால், மூளையின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று ஓரளவு அடக்கி வைக்கின்றன. ஒரு பாதி அடிபட்டால் நல்ல பாதி அதை அளவுக்கு மீறி அடக்குகிறது, அதனால்தான் கை எழுந்து வருவது தாமதமாகிறது என்று ஒரு கருத்து இருந்தது. அப்படியானால் நல்ல பக்கத்தை நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் கொடுத்து அமைதிப்படுத்தலாம், அல்லது அடிபட்ட பக்கத்தை வேகமான துடிப்பால் தூண்டலாம். கேட்கவே அழகான யோசனை. சின்னச் சின்ன ஆய்வுகளில் பலனும் தெரிந்தது.

அப்புறம் பெரிய ஆய்வுகள் வந்தன. அமெரிக்காவில் நீஷ் (NICHE) என்ற டிஎம்எஸ் ஆய்வில் ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 12 மாதம் ஆன 199 பேருக்குக் கைப் பயிற்சியோடு சேர்த்து, சிலருக்கு உண்மையான தூண்டல், மற்றவர்களுக்குப் போலித் தூண்டல் கொடுத்தார்கள். 2018-ல் முடிவு வந்தபோது இரண்டு குழுவிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் முன்னேறியிருந்தார்கள், வித்தியாசமே இல்லை. போலிச் சுருளும் லேசாகத் தூண்டிவிட்டதோ என்று சந்தேகம் வந்ததால் போலியை மாற்றி இன்னொரு சிறிய ஆய்வு நடத்திப் பார்த்தார்கள், அதிலும் வித்தியாசம் வரவில்லை. டிடிசிஎஸ் முறையை 129 பேரிடம் சோதித்த டிரான்ஸ்போர்ட்-2 ஆய்விலும் அதே கதைதான்: பாதுகாப்பாக இருந்தது, ஆனால் கைக்குக் கூடுதல் பலன் இல்லை.

இதைப் படித்துவிட்டு "அப்போ வேண்டாம்மா" என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள், தயவு செய்து. இரண்டு குழுவிலும் மூன்றில் இரண்டு பேர் முன்னேறினார்கள் என்ற அந்த வரியை அவளோடு உட்கார்ந்து இன்னொரு முறை படியுங்கள். எல்லாருக்கும் பொதுவாகக் கிடைத்தது பயிற்சி. தூண்டல் யாருக்கு, எந்த நாளில், மூளையின் எந்த இடத்தில் கொடுத்தால் அந்தப் பயிற்சிக்கு மேல் ஏதாவது சேர்க்கும் என்பதற்கு இன்னும் பதில் இல்லை. அவள் வேலை செய்யப்போகும் இடம் அதுதான். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியரின் குழு இதே டிஎம்எஸ்ஸை சிகிச்சையாக இல்லாமல் சோதனையாகப் பயன்படுத்துகிறது. ஸ்ட்ரோக் வந்த மூன்று நாளுக்குள் தோளைத் தூக்கவும் விரலை நிமிர்த்தவும் எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். பலம் குறைவாக இருந்தால் சுருளை வைத்துத் தட்டி, மூளையிலிருந்து கைத்தசைக்குச் செய்தி போகிறதா என்று பார்ப்பார்கள். மூன்று மாதத்தில் கை எந்த அளவுக்கு வரும் என்பதை ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குச் சரியாகச் சொல்ல முடிகிறது. "கை வருமா சார்?" என்று கேட்கும் குடும்பத்துக்கு நேர்மையான பதில் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் என் கருத்து, அவள் கருவியிலிருந்து தொடங்கக் கூடாது, கையிலிருந்து தொடங்க வேண்டும். பிபிடி அல்லது பிஓடி, அதாவது பிசியோதெரபி அல்லது ஆக்குபேஷனல் தெரபி. ஒரு தெரபிஸ்ட் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெரியவர் ஒருவர் மேசையில் இருந்த டம்ளரை எடுக்கக் கையை நீட்டுகிறார், கை போகவில்லை, ஆனால் உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்து தோள் காதுவரை ஏறுகிறது. தெரபிஸ்ட் பேசவில்லை, தோள்மேல் தன் உள்ளங்கையை மெதுவாக வைத்தார். இப்போது தோள் ஏறவில்லை, முழங்கை இரண்டு அங்குலம் நீண்டது. அந்த இரண்டு அங்குலத்தைக் கண்ணால் பார்க்கத் தெரிந்தவள்தான் பின்னாளில் ஆய்வில் கை அசைவை மதிப்பிடும் 66 புள்ளி ஃபூகல்-மேயர் அளவுகோலில் சரியாக மதிப்பெண் போடுவாள். அதில் பிசகினால் எவ்வளவு விலையுள்ள கருவி இருந்தும் ஆய்வு வீண்.

நோயாளியைத் தொடுவதை விட சர்க்யூட்டும் கம்ப்யூட்டர் கோடிங்கும்தான் அவளுக்குப் பிடிக்கும் என்றால் பயோமெடிக்கல் அல்லது எலக்ட்ரானிக்ஸ் எடுத்துவிட்டு மேலே போகலாம். சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மூன்றும் சேர்ந்து கிளினிகல் இன்ஜினியரிங்கில் எம்டெக் நடத்துகின்றன. வேலூரில் கைப் பயிற்சிக்கான ரோபோக்களையே செய்கிறார்கள். எம்பிபிஎஸ் வழியும் உண்டு, நீட் மார்க் வந்தால் பார்க்கலாம், அதற்காக இன்னொரு வருஷம் வீட்டில் உட்கார வைக்க வேண்டாம்.

பண விஷயம். பிபிடி முடித்ததும் முதல் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், ஆய்வு என்றால் அப்புறம் முதுநிலையும் பிஎச்டியுமாக இன்னும் ஆறேழு வருடம் போகும். ஆனால் ஐஐடி மாதிரி இடத்தில் முழுநேர பிஎச்டிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வருகிறது, நீங்கள் கடன் வாங்கத் தேவையில்லை. ஆய்வு கடைசிவரை அமையாமல் போனாலும் தெரபிஸ்டாக எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வாள், இந்த வழியைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். 2021-ல் வந்த மத்திய சட்டத்துக்குப் பிறகு இந்தப் படிப்புகளின் காலமும் சேர்க்கை விதிகளும் மாறி வருகின்றன, ஆகவே போன வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்த கதையை நம்பாமல் இந்த வருடப் புராஸ்பெக்டஸை வாங்கிப் படியுங்கள். கணக்கை மட்டும் அவள் விடவே கூடாது. புள்ளியியல் தெரியாமல் மேலே சொன்ன எந்த ஆய்வையும் அவளால் எடைபோட முடியாது.

ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில் பேட்டரியும் ஒயரும் வாங்கி வீட்டிலேயே தாத்தா தலையில் கட்டிப் பார்க்கும் யோசனை இருந்தால் இன்றே நிறுத்துங்கள். "தலைக்குக் கரண்ட் கொடுத்து கையைக் கொண்டுவருகிறோம்" என்று யாராவது பேக்கேஜ் பேசினாலும் உங்கள் நரம்பியல் டாக்டரைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

தாத்தாவுக்கு விரலும் மணிக்கட்டும் கொஞ்சமாவது நிமிர்கிறதா? நிமிர்ந்தால் அவருடைய தெரபிஸ்டிடம் இதைக் கேளுங்கள்: 2006-ல் வெளியான எக்சைட் ஆய்வில், ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரில் ஒரு பாதிப் பேருக்கு நல்ல கைக்கு உறை மாட்டி, சுகமில்லாத கையை மட்டும் இரண்டு வாரம் தீவிரமாக வேலை வாங்கினார்கள். ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது. நம் தாத்தாவுக்கு இது பொருந்துமா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். பொருந்தும் என்றால் பாப்பாவே ஒரு நோட்டுப் போடட்டும், ஒரு நிமிடத்தில் எத்தனை கட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார் என்று தேதியோடு தினமும் எழுதட்டும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் என்னை வந்து பாருங்கள்.