பேய்க்கும் ஒரு ஊர் வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஏழு பேர் சேர்ந்து எழுதிய அமானுஷ்யக் காதல் கதைத் தொகுப்பைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். படித்தவர்கள் பிடித்ததையும் பிடிக்காததையும் எழுதுங்கள் என்றும் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மதுரையும் சுற்றுவட்டாரமும்தான். படிக்காதவர்களுக்காக இரண்டு வரி: ஏழு கதைகள், ஒவ்வொன்றிலும் ஒரு காதல், அந்தக் காதலில் ஒருவர் சாதாரண மனிதர் இல்லை. பேய், ரத்தக்காட்டேரி, ஓநாயாக மாறுகிறவன், முன்ஜென்மம் நினைவுள்ளவள் என்று வகைவகையாக வருகிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

சங்கம் வளர்த்த மதுரையில் உட்கார்ந்துகொண்டு பேயைக் காதலிக்கும் கதைகளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கலாமா? காதல் வேறு, பேய் வேறு. இது மேல்நாட்டுச் சரக்கு. (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர்)

ஐயா, உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் நீங்களே வகுப்பில் நடத்திய பாட்டை வைத்துத்தான் பதில் சொல்லப் போகிறேன். நற்றிணை 34. பெண் மெலிந்துபோகிறாள், தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவுக்குப் பயம் வந்துவிடுகிறது, மகளை முருகன் பிடித்துவிட்டான் என்று வேலன் என்கிற முருகன் பூசாரியைக் கூப்பிட்டு வெறியாட்டு என்கிற சாமியாட்டம் நடத்துகிறாள். பெண்ணைப் பிடித்திருப்பது மலைநாட்டுக்காரன் ஒருவன் மேல் வந்த காதல், அது தோழிக்குத் தெரியும். அவள் நேராக முருகனையே பார்த்து, "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே" என்று சொல்லிவிடுகிறாள். நீ கடவுளாகவே இரு, ஆனாலும் நீ அறியாதவன்தான் என்று. திருப்பரங்குன்றத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ்கிற நமக்கு அந்த வரியின் துணிச்சல் புரியாமல் போகாது.

காதல் பிடித்ததா, அணங்கு என்கிற வருத்தும் தெய்வம் பிடித்ததா என்று வீட்டார் குழம்புகிற அளவுக்கு இரண்டுக்கும் அடையாளம் ஒன்றாக இருந்திருக்கிறது. புறநானூறு 281 இன்னொன்று, அரிசில் கிழார் பாடியது. புண்பட்டுக் கிடக்கிற வீரனின் வீட்டில் இரவ மரத்து இலையும் வேப்பிலையும் செருகி, வெண்கடுகு தூவி, மணி அடித்து, நறும்புகை போட்டு, அவன் புண்ணைக் காக்க வா தோழி என்று ஒரு பெண் அழைக்கிறாள். இந்தப் பாட்டின் துறைக்கே, அதாவது பாடுபொருள் வகைக்கே, பேய்க்காஞ்சி என்றுதான் பெயர். காதலிக்கிறவளுக்கும் பேய்க்கும் நடுவில் ஒரு வேப்பங்கொத்துதான் இருக்கிறது. அதனால் இது மேல்நாட்டுச் சரக்கு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தத் தொகுப்பில் ஏழில் நாலு கதைகள் சரியாக வரவில்லை என்று நீங்கள் எழுதியிருந்ததை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், என் கணக்கும் அதுதான்.

எனக்குப் பிடித்த எழுத்தாளரின் கதையை மட்டும் படித்துவிட்டு மூடிவிட்டேன். தப்பா? (திருமங்கலம்)

தப்பில்லை, பல பேர் சேர்ந்து எழுதும் தொகுப்பை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அட்டையில் பெரிதாகப் போட்ட பெயருக்காகத்தான் வாங்குகிறார்கள். ஆனால் அஞ்சாவது கதையை மட்டும் தவறவிடாதீர்கள். எழுதியவருக்கு அது முதல் கதையாம், அட்டையில் பெயர் கடைசியில் சின்னதாக இருக்கிறது, தொகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். ஏன் என்று கீழே சோழவந்தான் வாசகிக்குச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, நான் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறேன். மூன்றாவது கதையில் வருகிற பேய் மார்கழி முழுக்கத் தினமும் நாலு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு வருகிறது. கூலி வேலை பார்த்துச் செத்துப்போன பெண் என்று வேறு எழுதியிருக்கிறார். மார்கழியில் மல்லி என்ன விலை விற்கும்? பேய்தானே, எப்படி வேண்டுமானாலும் வரும் என்கிறான் என் மகன். நான் சொல்வது சரியா, அவன் சொல்வது சரியா?

நீங்கள் சொல்வதுதான் சரி தம்பி, உங்கள் மகனிடம் இந்தப் பதிலை அப்படியே காட்டுங்கள். பேய் வருகிற கதை என்பதால்தான் மற்றது அத்தனையும் பிசகாமல் இருக்க வேண்டும். நடக்காத ஒன்றை நம்பச் சொல்லும்போது, நடக்கிற மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறவர் சரியாகக் கொடுத்தாக வேண்டும். பனி இறங்கிவிட்டால் மல்லிச்செடியில் மொட்டு குறையும், வரத்து குறையும், விலை எகிறும், அதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதத்தில் நம் பெண்கள் கனகாம்பரம், காக்கடா என்று எது கிடைக்கிறதோ அதை வைத்துக்கொண்டு போகிறார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து இந்தக் கதையை மனதுக்குள் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் தலையில் காக்கடா வைத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க மல்லி மாதிரியே வெள்ளையாக இருக்கும், ஆனால் சொல்லிக்கொள்கிற மாதிரி வாசம் கிடையாது. கதையின் காதலன் கண்ணால் பார்த்தது காக்கடாச் சரம். அவள் தாண்டிப் போனபிறகு தெரு முழுக்க மல்லி வாசம். இதை மட்டும் எழுதியிருந்தால் மதுரைக்காரர் ஒவ்வொருவருக்கும் முதுகு சில்லிட்டிருக்கும், உயிரோடு இருந்தபோது அவளால் வாங்க முடியாத பூவின் வாசம் அது என்பதும் சொல்லாமலே விளங்கியிருக்கும். கதாசிரியர் ஒருநாள் விடிகாலையில் உங்கள் கடைப் பக்கம் வந்து நின்றிருந்தால் போதும்.

ரத்தக்காட்டேரிக் கதையில் அவனுக்கு 300 வயது, அவளுக்கு 19. ஆறு மாதம் அவளுக்குத் தெரியாமல் தினமும் ராத்திரி ஜன்னல் வழியாக அவள் தூங்குவதைப் பார்க்கிறான். ஹாஸ்டலில் எல்லோரும் இந்தக் கதையைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்குப் படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது. எனக்குத்தான் ரசனை இல்லையா அக்கா? (கல்லூரி மாணவி, திருநகர்)

உனக்கு ரசனை இருக்கிறதம்மா. நான் கல்லூரிக்குப் போன காலத்தில் ஒருவன் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெருமுனை வரைக்கும் தினமும் பின்னாலேயே வருவான். ஒரு வார்த்தை பேசியதில்லை. அதைப் பெரிய காதல் என்று என் கூட்டாளிகள் சொன்னார்கள், நான் அந்த வருஷம் முழுக்கச் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்தப் பயம் இன்னும் என் கழுத்தில் இருக்கிறது. அவனுக்குக் கோரைப்பல்லும் அழகான முகமும் கொடுத்துவிட்டால் அது காதலாகிவிடாது.

ராத்திரியில் வருகிற காதலன் நம் பாட்டிலும் உண்டு, இரவுக்குறி என்று ஒரு துறையே இருக்கிறது. ஆனால் அங்கே எந்த இடத்தில் சந்திப்பது என்று சொல்வது அவளும் தோழியும். அவன் யானையும் புலியும் அணங்கும் உலவுகிற மலைவழியைத் தாண்டி வருகிறான், அவளோ அவனுக்கு என்ன ஆகுமோ என்று பயந்து, இனி ராத்திரியில் வராதே, பெண் கேட்டு வந்து கல்யாணம் செய்துகொள் என்கிறாள். பயம் அவனுக்காக அவள் படுகிற பயம். இந்தக் கதையில் அவளைப் பயப்பட வைப்பவனே அவன், அதைத்தான் காதல் என்று எழுதியிருக்கிறார்கள். ஹாஸ்டலில் சண்டை போட வேண்டாம், ஆனால் ஒன்று கேட்டுப் பார். அந்தப் பெண் ஒரு தடவையாவது அவனை உள்ளே வா என்று கூப்பிட்டாளா? நான் தேடிப் பார்த்துவிட்டேன், நாற்பத்திரண்டு பக்கத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இந்தப் புத்தகத்தைப் பையில் வைத்திருக்கிறாள். பிடுங்கி வைக்கட்டுமா? (அலங்காநல்லூர்)

பிடுங்காதீர்கள். நீங்களும் படித்துவிட்டு, மேலே திருநகர் பெண் எழுதியதை அவளிடம் காட்டிப் பேசுங்கள். இரண்டு கதைகளில் அந்தரங்கக் காட்சிகள் கொஞ்சம் கூடுதல், அந்த வயதுக்கு வேண்டாம் என்று நினைத்தால் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்வாள்.

என் கணவர் தவறி நாலு வருஷம் ஆகிறது. வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்தவர். அவருடைய துண்டு ஒன்றை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறேன், அந்த ஈர வாசம் போய்விடக் கூடாது என்று. அஞ்சாவது கதையைப் படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. ஆனால் முடிவு பிடிக்கவில்லை. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. (சோழவந்தான்)

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன் அம்மா. மற்றவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பஸ் டிரைவர் ஒருவர் இறந்துவிடுகிறார். உயிரோடு இருந்தபோது கடைசி டிரிப் முடித்து ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு வீட்டுக்கு வந்து, திண்ணையில் மனைவி வைத்திருக்கும் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் கதவைத் தட்டுவார். இறந்த பிறகும் அவள் தினமும் சொம்பை வைக்கிறாள். ஒருநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் ஒரு விரல் அளவு குறைந்திருக்கிறது. பூனை குடித்ததா, வெக்கையில் வற்றியதா என்று அவளுக்கே சந்தேகம், மறுநாள் ஒரு தட்டை எடுத்து மூடி வைக்கிறாள். காலையில் தட்டு மூடியபடியே இருக்கிறது, தண்ணீர் குறைந்திருக்கிறது. அந்த இடம் வரைக்கும் ஒரு சொல் கூட அதிகம் இல்லை. அப்புறம் கடைசி மூன்று பக்கத்தில் ஒரு மந்திரவாதி வருகிறார், பூஜை நடக்கிறது, கணவர் உடம்போடு எழுந்து வந்து இரண்டு பேரும் சந்தோஷமாக வாழ்கிறார்கள்.

எழுதியவர் மேல் முழுப் பழியும் போட முடியாது. காதல் கதை என்று அட்டையில் போட்டால் கடைசியில் சேர்ந்தே ஆக வேண்டும் என்பது இந்த வகைக்கு எழுதாத சட்டம், இங்கிலீஷில் இதைப் படிக்கிறவர்களும் அதில் கறாராகத்தான் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் கேட்டது அவர் திரும்பி வந்து குடும்பம் நடத்த வேண்டும் என்று இல்லையே. நாலு வருஷமாகத் துண்டைத் துவைக்காமல் வைத்திருக்கிற ஒருவருக்கு அந்த ஒரு விரல் தண்ணீர்தான் கதை. உங்களைத் தூங்க விடாத தண்ணீரை அந்த மூன்று பக்கம் கொட்டிவிட்டது. அதனால்தான் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கண்ணகியை நினைத்துப் பார்க்கிறேன். கீழ்த்திசை வாயிலில் கணவனோடு நுழைந்தேன், மேல்திசை வாயிலில் வெறுமையாய்ப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மதுரையை விட்டுக் கிளம்புகிறாள், பகல் எது இரவு எது என்று தெரியாமல் வைகைக் கரையோடு மேற்கே நடக்கிறாள். உங்கள் ஊர் வழியாகத்தான் போயிருப்பாள் என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு உண்டு. பதினான்காம் நாள் வேங்கை மரத்தடியில் கோவலன் வருகிறான், அவனோடு வானவூர்தியில் ஏறிப் போகிறாள், மலைக்குறவர்கள் பார்த்து நிற்கிறார்கள். இரண்டு பேரும் சேர்கிறார்கள்தான். ஆனால் அந்த நேரத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இளங்கோ ஒரு வரி கூட எழுதவில்லை, அவ்வளவு தூரம் போய்விட்டு அங்கே நிறுத்திக்கொண்டார். சித்திரா பௌர்ணமி அன்று கூடலூர்ப் பக்கம் மலைமேல் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறுகிற கூட்டத்தில் போயிருக்கிறீர்களா? நான் ஒரு தடவை போனேன். கூட வந்தவர்களில் உங்களைப் போன்ற அம்மாக்கள் நிறைய இருந்தார்கள், மூச்சு வாங்க ஏறினார்கள், யாரும் யாரையும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

துண்டைத் துவைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

நானும் இப்படி ஒரு கதை எழுத ஆசைப்படுகிறேன். இங்கிலீஷில் ரத்தக்காட்டேரி, ஓநாய்க் கதைகள் நிறையப் படித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டுமா? (உசிலம்பட்டி)

படியுங்கள், நல்லதுதான். டிராகுலா 1897இல் வந்த நாவல், அதிலிருந்தே தொடங்கலாம். ஆனால் உருமாறுகிறவர் கதை வேண்டுமென்றால் மணிமேகலையையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், அது நம் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் எழுதியது. தன்னை விரும்பித் துரத்துகிற இளவரசன் உதயகுமாரனிடமிருந்து தப்பிக்க மணிமேகலை காயசண்டிகை என்ற பெண்ணின் உருவம் எடுக்கிறாள், காயசண்டிகையின் புருஷனோ அவளைத் தன் மனைவி என்றே நம்பிவிடுகிறான், இன்னொருவனோடு அவள் பேசுவதைப் பார்த்து மனம் எரிந்து உதயகுமாரனை வெட்டிவிடுகிறான். ஓநாய் இல்லாமலே இவ்வளவு.

கடைசியாக நான் உங்களிடம் ஒரு கேள்வி. தொகுப்பில் பெரும்பாலும் பேய் ராத்திரியில்தான் வருகிறது. உங்கள் ஊரிலும் அப்படித்தானா? எங்கள் ஊர் வாடிப்பட்டிப் பக்கம், அங்கே பயமெல்லாம் உச்சிப் பொழுதுக்குத்தான். கொளுத்துகிற வெயில், ஆள் நடமாட்டம் இல்லாத வரப்பு, நிழலே காலடியில் ஒடுங்கிக் கிடக்கும். காட்டுக்குக் கறிக்குழம்பு கொண்டுபோகச் சொன்னால் பாட்டி தூக்குவாளி மேலே ஒரு துண்டு அடுப்புக்கரி வைத்துத்தான் அனுப்புவாள், கண்மாய்க் கரையில் மடைப் பக்கம் நிற்காமல் போ என்பாள். அங்கே ஒரு பெண் ஒருவனுக்காகக் காத்திருந்து தண்ணீரில் போய்விட்டாள், இன்னும் உச்சியில் தலையைக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று சொல்வாள். அவன் யார், அன்றைக்கு ஏன் வரவில்லை, அவள் பெயர் என்ன என்று நான் கேட்கவே இல்லை. சின்ன வயது, பயம்தான் தெரிந்தது. இப்போது சொல்ல வீட்டில் யாரும் இல்லை. உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து எந்த மரம், எந்தக் கிணறு, யார் வீட்டுப் பெண் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி அனுப்புங்கள், எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன்.