கழுத்துக் குழாய் வழியாக வந்த தொற்று: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

வணக்கம். உங்கள் தந்தையின் கழுத்தில் போட்ட மையச் சிரைக் குழாய் (இதயத்தருகே உள்ள பெரிய சிரை வரை செல்லும் மெல்லிய குழாய், சென்ட்ரல் லைன்) வழியே இரத்தத்தில் கிருமி தொற்றியதையும், "ஐசியூவில் இது சகஜம்" என்று உங்களிடம் சொல்லப்பட்டதையும் படித்து மனம் கனத்தது. அந்தப் பதிலை நீங்கள் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கை கழுவுதல், குழாய் செருகும்போது முழுப் பாதுகாப்பு உடை, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைத்தல், தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை எடுத்துவிடுதல் ஆகியவற்றை விடாமல் கடைப்பிடித்தபோது, 1000 குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய் நாள்) 2.7 ஆக இருந்த இடைநிலை (மீடியன்) தொற்று விகிதம் 3 மாதங்களுக்குள் பூஜ்யமானதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, "இந்தக் குழாய் இன்றும் தேவையா?" என்று மருத்துவரிடம் தினமும் தயங்காமல் கேளுங்கள்; இரத்தக் கல்ச்சர் (இரத்தத்தில் எந்தக் கிருமி உள்ளது என்று கண்டறியும் பரிசோதனை) முடிவுக்கேற்ப ஆன்டிபயாடிக் மாற்றப்பட்டதா என்பதையும் கேட்டறியுங்கள். குழாயின் மேலுள்ள ஒட்டுக்கட்டு ஈரமாகவோ ஓரம் பிரிந்தோ இருந்தால், நீங்கள் தொடாமல் உடனே செவிலியரிடம் காட்டுங்கள்.